பொதுமக்கள் (தற்காலிகம்)

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு என்னிடம் ஒரு சான்றிதழ் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு நிறுவனம் அச்சடித்து, முத்திரை குத்தி, பேராசிரியர்கள் கையெழுத்தோடு கொடுத்தது. வருடத்துக்கு ஒருமுறை தேர்வு வைத்து அதைப் புதுப்பிப்பார்கள். அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆகவே யாரும் சிரிக்க வேண்டாம்.

அதற்கு முன்பு நான் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவன். டிக்கெட்டை வாங்கி, பாதியைக் கிழித்து, மீதியைக் கையில் கொடுத்து, உள்ளே போகலாம் என்று தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் தொழில். தியேட்டரை மூடி அங்கே சோபா கடை வைத்தார்கள். சோபா வாங்க வருகிறவனிடம் கிழிப்பதற்கு என்ன இருக்கிறது? வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். ஆண்பிள்ளை பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவன் உட்காரும் நாற்காலிக்குக்கூட மரியாதை போய்விடும்.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, பொதுச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் எழுத்தர். ஒருநாள் சாயங்காலம் வந்தான்.

"மாமா, எங்க ஆபீஸ்ல ஒரு வேலை காலியா இருக்கு. உக்காந்துகிட்டே பாக்குற வேலை."

"எனக்கு என்னப்பா தெரியும்?"

"அதான் மாமா அதுக்குத் தகுதி."

வேலையின் பெயர் 'பொதுமக்கள் (தற்காலிகம்)'. அந்த நிறுவனத்தில் படித்துவிட்டு வெளியே போகிற பிள்ளைகள் சுகாதார அதிகாரிகள் ஆவார்கள். நோய்நொடிகளைப் பற்றி ஜனங்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க 'அறிவியல் தொடர்பியல் துறை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் மாணவர்களைத் தெருவுக்கு அனுப்பினார்களாம். தெருவில் இருக்கும் ஜனங்கள் பாதிப் பேச்சில் பஸ் வந்தால் ஏறிப் போய்விடுகிறார்கள். குழந்தை அழுதால் திரும்பிக்கொள்கிறார்கள். சிலர், "தம்பி, முதல்ல எங்க தெருவுல தண்ணி வருமா, அதைச் சொல்லு" என்று கேட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஜனங்களை வைத்து மதிப்பெண் போட முடியாது என்று துறை தீர்மானித்தது. ஒழுங்கான ஒரு பொதுமக்களை நிறுவனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

நேர்காணலில் துறைத் தலைவி உட்கார்ந்திருந்தார். அவரை எல்லோரும் 'எளிமை மேடம்' என்பார்கள். எளிமையாகப் பேசுவது எப்படி என்று தலையணை பருமனில் ஒரு புத்தகம் எழுதியவர். அதன் முன்னுரையைத் தாண்டியவர்கள் யாரும் இல்லை என்று மச்சினன் சொன்னான்.

"நாங்கள் எதிர்நோக்குவது அறிவுசார் முன்னூகங்களால் மாசுபடாத ஒரு சராசரித்தன்மையின் பிரதிநிதித்துவ இருப்பு. எளிமையாகச் சொன்னால், ஓர் ஏற்பியல் வெற்றிடம். புரிகிறதா?" என்றார் எளிமை மேடம்.

தலையாட்டினேன்.

மேடம் பக்கத்தில் இருந்தவர்களைப் பெருமிதத்தோடு பார்த்தார். "பாத்தீங்களா? ஒண்ணுமே புரியலை. ஆனாலும் ஆட்டுறார். எவ்வளவு இயல்பா வருது!"

அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு போனேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். மக்கள் இஸ்திரி போட மாட்டார்கள் என்று ஓர் ஆய்வு இருக்கிறதாம். பிறகு துறையே எனக்கென்று ஒரு சட்டை வாங்கி, ஒரு பணியாளரை வைத்துக் கசக்கிக் கொடுத்தது. காலையில் வந்ததும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். என் பெயர் சில நாளிலேயே எல்லோருக்கும் மறந்துவிட்டது. 'மக்கள்' என்றே கூப்பிட்டார்கள். "மக்கள் வந்தாச்சா?" "மக்கள் டீ குடிக்கப் போயிருக்கார்." "மக்களை அந்த மூலையில உக்காரச் சொல்லு, இங்க விருந்தாளிங்க வர்றாங்க."

வேலை இதுதான். ஓர் அறை. நடுவில் நாற்காலியில் நான். எதிரே மாணவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கையில் பொத்தானோடு தேர்வாளர். மாணவர் ஏழு படிகளில் பேச வேண்டும். முதலில் வணக்கம். இரண்டாவது, "உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பது. இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. அது நெருக்கம் உண்டாக்குவதற்காகக் கேட்பது, தெரிந்துகொள்வதற்காக அல்ல. அப்புறம் கண்ணைப் பார்ப்பது, உள்ளங்கையை விரிப்பது, ஓர் உவமை சொல்வது. பிறகு நான் அட்டையில் அச்சடித்திருக்கும் கேள்வியைக் கேட்க வேண்டும். கடைசியில் ஏழாவது படியில் தலையாட்ட வேண்டும். ஆட்டினால் மாணவர் பாஸ்.

உவமைக்கு எல்லோருக்கும் வீடுதான் கிடைத்தது. "உங்க உடம்பை ஒரு வீடுன்னு வச்சுக்கங்க" என்று ஆரம்பிப்பார்கள். ஒருவனுக்கு என் நுரையீரல் ஜன்னல். அடுத்தவளுக்கு என் சிறுநீரகம் சாக்கடைக் குழாய். இன்னொருவன் என் இதயத்தை மோட்டார் ஆக்கி மாடியில் தொட்டி கட்டுவான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எனக்கு உடம்பெல்லாம் ஒழுகுவது போல இருக்கும். ஆனால் எந்த நோய்க்கு என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறாது. அந்த இடம் வருவதற்குள் மணி அடித்துவிடும்.

ஒருமுறை கழுத்துப் பிடித்துக்கொண்டது. தலையணை செய்த வேலை. தலையை ஆட்ட முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. அந்த வாரம் வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பெயில். எளிமை மேடம் அவசரக் கூட்டம் போட்டார். 'அறிவியலுக்கு எதிரான மனநிலை மக்களிடையே திடீரென வலுத்துள்ளது' என்று கட்டுரை எழுதி, விமானத்தில் போய் வாசித்துவிட்டு வந்தார். "கழுத்து வலிங்க மேடம்" என்று நான் சொன்னேன். "மக்கள் இப்படித்தான் ஏதாவது காரணம் சொல்லுவாங்க" என்று அதையும் குறித்துக்கொண்டார். மனைவி தைலம் தேய்த்து உருவிவிட்டாள். மறுநாளே மக்களிடையே அறிவியல் மனப்பான்மை திரும்பிவிட்டது.

மாணவர்களில் ஒரு பெண் இருந்தாள். தடிமனான கண்ணாடி. கை எப்போதும் வேர்த்திருக்கும். அவசர அவசரமாகப் பேசுவாள் என்பதால் 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்ததும், "சாப்பிடுறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவுங்க சார், கக்கூஸ் போயிட்டு வந்தும் கழுவுங்க, பாதி வயித்துப்போக்கு வராது" என்பாள். எனக்கு உடனே புரிந்து தலை ஆடிவிடும். ஆனால் ஏழாவது படிக்கு முன்னால் ஆடும் தலைக்கு மதிப்பெண் கிடையாது. மிச்ச நேரமெல்லாம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். "வீடு எங்கே? வீடே வரலையே!" என்று கண்ணாடித் தடுப்பைத் தட்டுவார் தேர்வாளர். அவளைப் பெயிலாக்கிப் பெயிலாக்கி அவருக்கே அலுத்துவிட்டது.

இதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று இருந்திருப்பேன். மனைவிக்குச் சர்க்கரை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் முதலில் ஒரு மாத்திரை கொடுத்து, சில மாதத்தில் அதை நிறுத்திப் புதிதாக ஒன்று எழுதினார்கள். "சாப்பாட்டோட சேர்த்துப் போடுங்க" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போதே அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தியிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அவளுக்குச் சில நாள் குமட்டும், சாப்பாடே இறங்காது. அந்த மாதிரி நாளில் மாத்திரை போடலாமா, கூடாதா? ஒரு தடவை போட்டுவிட்டு, கை நடுங்கி, ஈரத் துணி மாதிரி வேர்த்துக் கிடந்தாள். ஒரு தடவை போடாமல் விட்டுவிட்டு, சர்க்கரை ஏறிவிடுமோ என்று நாள் முழுக்கப் பயந்து கிடந்தாள். எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கு நான், எனக்கு அவள்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்டேன். டாக்டரைக் கேளுங்கள் என்றார்கள். டாக்டரிடம் போக அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிச் சுவரில் எங்கள் நிறுவனம் அச்சடித்த வண்ணப் படம் ஒட்டியிருந்தது. வீடு, ஜன்னல், தொட்டி எல்லாம் இருந்தது. கீழே 'சந்தேகங்களுக்கு உங்கள் மருத்துவரை அணுகவும்' என்று போட்டிருந்தது.

"என்னங்க, அவ்ளோ பெரிய படிப்புப் படிச்சவங்க மத்தியில உக்காந்திருக்கீங்க. ஒருத்தரைக் கேட்டுட்டு வரக் கூடாதா?" என்றாள் மனைவி.

நியாயமான பேச்சு. கேட்டேன். வராந்தாவில் ஒரு பேராசிரியரை நிறுத்தி, "ஐயா, சாப்பிட முடியாத அன்னைக்குச் சர்க்கரை மாத்திரை போடலாமா?" என்றேன். அவர் யோசித்துவிட்டு, "நான் நம்பிக்கை சம்பந்தப்பட்ட ஆள். நீங்க அந்த மாத்திரையை நம்புறீங்களா, இல்லையா? அதைச் சொல்லுங்க, உதவி பண்றேன்" என்றார். இன்னொருவர், தான் படங்களுக்கு அம்புக்குறி போடும் பிரிவு என்றார். கடைசியில் எளிமை மேடத்திடமே போனேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கள் கேள்வி கேக்குறாங்க! இதுக்குத்தானே நான் இத்தனை வருஷம் உழைச்சேன்?"

"பதில் மேடம்..."

"பதில் யார் வேணா சொல்லுவாங்க. ஒரு டாக்டர்கூடச் சொல்லிடுவார். கேள்வி கேக்குற தைரியத்தை உங்களுக்கு யார் குடுத்தது? அதை யோசிங்க."

வழி கேட்டவனுக்குக் கொட்டைப்பாக்கு விலை சொன்ன கதைதான். யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். மனைவி கேட்டாள், "என்ன சொன்னாங்க?" "சந்தோஷப்பட்டாங்க" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அந்த மாதத்தில்தான் என் அறியாமைத் தேர்வும் வந்தது. வேலையில் இருக்க இருக்க எனக்கு விஷயம் தெரிந்துபோயிருக்குமோ என்று நிறுவனத்துக்கு வருடா வருடம் ஒரு பயம். நோய்களைப் பற்றிக் கேள்விகள் கேட்பார்கள். ஒன்றுக்குச் சரியாகப் பதில் சொன்னால்கூடப் பதவி போய்விடும். நான் எப்போதும் போலப் பூஜ்யம் வாங்கினேன். இத்தனை ஆண்டுகளில் அத்தனை மாணவர்கள் என்னிடம் அத்தனை நோய்களையும் விளக்கியிருக்கிறார்கள். ஒன்றுகூட ஒட்டவில்லை. எளிமை மேடம் சான்றிதழைக் கொடுக்கும்போது சபையில் பேசினார்.

"நம்முடைய பாடத்திட்டத்தின் தரத்துக்கு இவரே சாட்சி. இத்தனை வருடம் தொடர்ந்து நம்மைக் கேட்டும் இவர் துளியும் மாறவில்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கும் தட்டலாம் போலத்தான் இருந்தது, சான்றிதழைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

பிறகு தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றார்கள். சுவருக்கு வெள்ளையடித்தார்கள். என் சட்டையை இரண்டு பேர் சேர்ந்து கசக்கினார்கள். மேடையில் எல்லோருக்கும் முன்னால் ஒரு மாணவர் எனக்குச் சர்க்கரை நோயைப் பற்றி விளக்க வேண்டும், நான் தலையாட்ட வேண்டும். அதற்குத் தங்கப் பதக்கம் வாங்கிய பையன் ஒருவனைத் தயார் செய்தார்கள். அவன் கட்டிய வீட்டில் கார் நிறுத்த இடம்கூட இருந்தது.

குழு வரும் நாளன்று காலை மனைவிக்குக் காய்ச்சல். குமட்டல். ஒரு வாய்கூட இறங்கவில்லை. நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாசல் வரைக்கும் வந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேத்தும் போடலை. ஏறிடப் போகுதுங்க. இன்னைக்குப் போட்டுக்கிறேனே?"

எனக்குப் பதில் தெரியாது. ஆனால் தலை ஆடிவிட்டது. பழக்க தோஷம். பூம்பூம் மாட்டுக்குக்கூட மேளம் அடிக்க வேண்டும், எனக்கு அதுவும் தேவைப்படவில்லை. பஸ் நிறுவனத்தை நெருங்கிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று உறைத்தது. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போடுவதற்குள் நிறுவனம் வந்துவிட்டது. வாசலிலேயே போனைப் பிடுங்கி ஒரு கூடையில் போட்டுவிட்டார்கள். மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் மக்களிடம் போன் இருக்கக் கூடாதாம்.

மேடையில் என்னை உட்கார வைத்தார்கள். சபை நிறைந்திருந்தது. குழுவின் தலைவர் எழுந்தார். அவருக்கும் பேச்சு வியாதி உண்டு.

"நீங்கள் தயார் செய்து வைத்திருக்கும் மாணவரை நாங்கள் பார்க்க விரும்பவில்லை. நேர்மையான மதிப்பீடு என்பது எதிர்பாராதது. எதிர்பாராமல் நடப்பதற்கென்று எங்கள் கையேட்டில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அந்தக் கடைசி வரிசைக் கண்ணாடிக்காரப் பெண் வரட்டும்."

எக்ஸ்பிரஸ். எளிமை மேடம் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். இந்தத் தடவை பெயிலானால் அவளுக்கு ஒரு வருடம் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அவளும் அதை நினைத்துத்தான் வந்திருந்தாள். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, படி தவறாமல் ஆரம்பித்தாள்.

"வணக்கம் சார். உங்க... வீட்டுல... எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இல்லைம்மா," என்றேன். "நல்லா இல்லை."

பின்னால் யாரோ பேனாவைக் கீழே போட்டது கேட்டது.

"என் பொண்டாட்டிக்குச் சர்க்கரை. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை, காய்ச்சல். மாத்திரை போடலாமான்னு கேட்டா. நான் தலையாட்டிட்டு வந்துட்டேன். போடலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லும்மா."

எக்ஸ்பிரஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் எளிமை மேடம் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார்.

"அவையோர் கவனிக்கவும்! இது நாங்கள் திட்டமிட்டதல்ல. தன்னிச்சையான சமூகப் பங்கேற்பு! தன் குடும்பத்துத் துயரத்தையே பொதுவெளியில் வைக்கும் அளவுக்கு மக்கள் எங்களை நம்புகிறார்கள்!"

கைதட்டல். குழுத் தலைவர் கையேட்டைப் புரட்டினார்.

"மிகச் சிறப்பு. ஆனால் ஒரு சந்தேகம். இந்தக் கேள்வி எந்தப் படியில் வருகிறது? ஆறாவது படியில்தானே கேள்வி? இப்போது நடப்பது இரண்டாவது படி."

"இரண்டை ஒரு விரிந்த ஆறாகப் பார்க்கலாம்" என்றார் மேடம்.

"அப்படியானால் உள்ளங்கை விரிப்பதை எங்கே வைப்பீர்கள்?"

நம்பிக்கைப் பேராசிரியர் எழுந்து, பயமும் ஒருவகை நம்பிக்கைதான் என்றார். அம்புக்குறிப் பிரிவுக்காரர் கரும்பலகைக்குப் போய் இரண்டிலிருந்து ஆறுக்கு ஓர் அம்புக்குறி போட்டார். மேடை முழுக்கச் சுகாதாரம் படித்தவர்கள். என் கேள்வி அவர்கள் தலைக்கு மேலே காற்றில் பறந்துகொண்டிருந்தது, யாரும் பிடிக்கவில்லை. எனக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. எழுந்து, படியிறங்கி, கதவைத் திறந்து வெளியே நடந்தேன். "மக்கள் வெளியேறுகிறார்கள்!" என்று யாரோ கத்தினார்கள்.

கூடையில் கையை விட்டு என் போனைத் தேடி எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது பின்னால் திடுதிடுவென்று ஓடி வரும் சத்தம். எக்ஸ்பிரஸ். கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. மூச்சு இரைத்தது.

"சார், மாத்திரை பேர் என்ன?"

அந்த மாத்திரையின் காலி அட்டை ஒன்று பையில் கிடந்தது. யாராவது கேட்டால் காட்டலாம் என்று பல நாளாக வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"இதைச் சாப்பிடாமப் போடக் கூடாது சார். போட்டா சர்க்கரை ரொம்பக் கீழ இறங்கிடும், மயக்கம் போட்டுடுவாங்க. போட்டுட்டாங்கன்னா உடனே சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கச் சொல்லுங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. பேசிட்டு நிக்காதீங்க, போன் பண்ணுங்க, பண்ணுங்க!"

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"என்னங்க... கை காலெல்லாம் நடுங்குது... வேர்க்குது..."

"சர்க்கரை டப்பாவை எடு. தண்ணியில கரைச்சுக் குடி."

"சர்க்கரைக்காரிக்குச் சர்க்கரையா? உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?"

"குடிடி! சத்தியமா சொல்றேன், தெரிஞ்சுதான் சொல்றேன்!"

'தெரிஞ்சுதான்' என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்து எத்தனை காலம் ஆயிற்றோ. அவளுக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். எதிர்த்துப் பேசாமல் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. கரண்டி டம்ளரில் இடிபடும் சத்தம். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எக்ஸ்பிரஸ் என் பக்கத்திலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ம்... இப்ப பரவாயில்லை" என்றாள் மனைவி. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"ஏம்மா, இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"இங்க எல்லாருக்குமே தெரியும் சார். முதல் வருஷப் பாடம். உள்ள சொன்னா அது தகவல் ஆயிடும், தொடர்பு ஆகாது. மார்க் போயிடும்."

ஆட்டோ பிடித்துப் போய் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அன்று ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்து, மாத்திரையை மாற்றி அனுப்பினார்கள். சரியான நேரத்தில் சர்க்கரை கொடுத்தீர்கள், இல்லாவிட்டால் சிரமம் என்றார் அங்கிருந்த டாக்டர். யார் சொன்னது என்று கேட்டார். கேட் பக்கத்தில் சொன்னார்கள் என்றேன்.

அடுத்த வாரம் விசாரணை. எளிமை மேடம் நடுவில், குழுத் தலைவர் பக்கத்தில். மச்சினன்தான் குறிப்பு எழுதினான், என் முகத்தைப் பார்க்காமல்.

"அந்த மாணவி சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

"எந்த இடத்துல?"

"கேட் பக்கத்துல."

"கேட்டுக்கு உள்ளயா, வெளியயா?"

"ஒரு கால் வெளிய வச்சிருந்தேன்."

இருவரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். கேட் அங்கீகரிக்கப்பட்ட கற்பித்தல் இடம் அல்ல. அங்கே நிகழ்ந்த புரிதலை நிறுவனம் தன் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. மேலும், சம்பவத்தின்போது நான் தலையாட்டியதாகப் பதிவு இல்லை. எக்ஸ்பிரஸ் பெயில்.

"மேடம், அந்தப் பொண்ணு சொல்லலைன்னா என் பொண்டாட்டி இன்னைக்கு இல்லை" என்றேன்.

"அதுல எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனா உயிர் பிழைக்கிறதுக்கு எங்ககிட்ட மதிப்பெண் அளவுகோல் கிடையாது. புரிஞ்சுக்கங்க."

பிறகு குழுத் தலைவர் மெதுவாக, பிரியமான குரலில் கேட்டார். "சாப்பிட முடியாத நாளில் அந்த மாத்திரையைப் போடலாமா?"

இது எதற்காக வைக்கப்பட்ட கேள்வி என்று எனக்குத் தெரியும். மச்சினன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். வேண்டாம் மாமா என்று கண்ணால் கெஞ்சினான். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலி எனக்குத்தான். அன்று வாசலில் உள்ளங்கையில் மாத்திரையோடு நின்றவளை நினைத்துக்கொண்டேன்.

"போடக் கூடாது," என்றேன். "போட்டுட்டா சர்க்கரை கரைச்சுக் குடுக்கணும்."

எளிமை மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "எவ்வளவு சுத்தமா இருந்தீங்க!" என்றார்.

'தகுதியிழப்பு: தெரிந்துகொண்டார்' என்று எழுதி என்னை அனுப்பிவிட்டார்கள். சோபா கடையிலேயே சாமான் தூக்கும் வேலை கிடைத்தது. பழைய தியேட்டர் கதவு வழியாகத்தான் போக வர வேண்டும்.

சில மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. துறைக்குச் சொந்தமான சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கசங்கிய நிலையில். அன்று மேடையிலிருந்து அதைப் போட்டபடியே வந்துவிட்டிருந்தேன். மனைவி அதைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். "அப்படியே குடுங்க, என்ன பண்ணிடுவாங்க பாப்போம்" என்றாள். அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

கேட்டுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. கேட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். 'வாயிலருகு விரைவுத் தொடர்பியல், புதிய பாடப்பிரிவு' என்று பலகை. திறந்துவைத்தவர் எளிமை மேடம். என் நாற்காலி அங்கே வந்திருந்தது. அதில் கசங்கிய சட்டையோடு புதிய பொதுமக்கள். அவருடைய ஒரு கால் கேட்டுக்கு வெளியே இருக்கும்படி தரையில் கோடு போட்டிருந்தார்கள். மாணவர்கள் கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராக ஓடி வந்து, மூச்சு இரைக்க நின்று, "சார், மாத்திரை பேர் என்ன?" என்று கேட்டார்கள். அவர் காலி அட்டையைக் காட்டினார். அதற்கப்புறம் உடம்பை ஒரு வீடாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தேர்வாளர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

கொட்டகை ஓரத்தில் தன் முறைக்காக எக்ஸ்பிரஸ் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"மறுபடி எழுதுறேன் சார். போன தடவை மூச்சு வாங்குறதுல இயல்பு போதலைன்னு பெயில் பண்ணிட்டாங்க. ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

கேட்டுவிட்டு என் பதிலுக்காக நின்றாள். நன்றாக இருக்கிறாள், நன்றாகத் திட்டுகிறாள் என்றேன். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடுவதற்காக உள்ளே நடந்து போனாள்.

புதிய பொதுமக்கள் என்னைக் கையைக் காட்டி அழைத்தார். என்னைவிடச் சின்ன வயசு. மூட்டை தூக்கிய தோள்.

"அண்ணே, நீங்கதானே முன்னாடி இந்த நாற்காலியில இருந்தது? ஒரு சந்தேகம். என் பொண்ணுக்கு வலிப்பு மாத்திரை குடுக்கிறோம். ஒரு வேளை விட்டுப்போனா அடுத்த வேளைக்கு ரெண்டா போடணுமா? இங்க எல்லாரையும் கேட்டுட்டேன். சந்தோஷப்படுறாங்க."

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. அது உங்க கேள்விக்கு ஆகாது" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "இப்ப அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு ஓடி வரும். அது பேசி முடிக்கட்டும், மணி அடிக்கட்டும். அடிச்சப்புறம் தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. அதுக்கு முன்னாடி கேட்டீங்கன்னா பாவம், அதுக்கு மார்க் போயிடும், உங்களுக்கும் பதில் வராது."

அவர் தலையாட்டினார்.

எனக்குப் பகீர் என்றது. அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். வருடக்கணக்காக நான் ஆட்டியது.

"தம்பி, புரிஞ்சுதா? இல்லை சும்மா ஆட்டுனீங்களா?"

அவர் கண்ணாடித் தடுப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மாதாண்ணே ஆட்டுனேன். இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

இஸ்திரி போட்ட சட்டையை அவர் மடியில் வைத்துவிட்டு, இன்னொரு தடவை சொன்னேன்.